பொய்யுரைக்கும் தூரமானி

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் குறளையும் சிலம்பையும் பற்றிப் பேசினார்கள். அத்தகைய கல்வி எனக்கு வாய்க்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுத வந்தவன் நான். ஆயினும், ஓய்வு நேரத்தில் பழைய காமிராக்களைத் துடைத்துச் செப்பனிடும் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அதைப் பற்றியே பேசலாமே என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் உங்கள் முன் நிற்கின்றேன்.

நம் காலனியில் பல வீடுகளில், இரும்புப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைகளுக்கும் பழைய சான்றிதழ்களுக்கும் இடையே ஒரு காமிரா உறங்கிக்கொண்டிருக்கின்றது. தந்தையாரோ பாட்டனாரோ ஆசையோடு வாங்கியது. 'படம் மங்கலாக விழுகின்றது' என்ற ஒரே குற்றத்துக்காக அது பெட்டிக்குள் போயிற்று. அடுத்த மாற்றலின்போது பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். அவற்றுள் பல உண்மையில் கெட்டுப் போனவை அல்ல. உள்ளே ஒரு திருகு சற்றே பிசகியிருக்கின்றது. அவ்வளவுதான். அதை வீட்டிலேயே கண்டறிவது எப்படி, திருத்துவது எப்படி, எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்வது என்னும் மூன்றையும் சொல்வதே என் நோக்கம்.

'ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கும் இக்காலத்தில் படச்சுருள் காமிரா எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை நமக்கு அளித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டுச் சுருளைத்தான் வாங்க வேண்டும், விலையும் அதிகம். ஆனால் ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் தங்கள் கொள்ளுப்பாட்டியின் முகத்தை அறிவது எதனால்? யாரோ ஒருவர் எடுத்து வைத்த ஒரு நெகட்டிவினால் அல்லவா? தொலைந்து போன கைபேசியோடு எத்தனை படங்கள் மறைந்தன என்பதை இங்குள்ள தாய்மார்களே அறிவார்கள். நெகட்டிவோ பெட்டிக்குள் ஐம்பது ஆண்டு கிடந்தாலும், எடுத்து அச்சிட்டால் முகம் வருகின்றது. ஆகவே, அந்தக் கருவி இருக்குமானால் அது உண்மை பேசும் கருவியாக இருத்தல் வேண்டும்.

இனி, தூரமானி என்பது யாது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனை ரேஞ்ச் பைண்டர் என்பர். நமக்கு இரு கண்கள் இருப்பது எதற்கு? விரலை மூக்கின் அருகே கொண்டுவந்தால் இரு கண்களும் உட்புறம் திரும்புகின்றன. தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்தால் நேராக நிற்கின்றன. எவ்வளவு திரும்புகின்றன என்பதிலிருந்து பொருளின் தூரம் தெரிந்துவிடுகின்றது. தூரமானியும் இவ்வாறே இயங்குகின்றது. காமிராவின் முன்முகத்தில் இரு சிறு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் வழியே நேராகக் காண்கின்றோம். மற்றொன்றின் வழியே வரும் காட்சி, உள்ளே திரும்பக்கூடிய ஒரு கண்ணாடியில் பட்டு, முதற்காட்சியின் மீது வந்து படிகின்றது. லென்சைத் திருப்பத் திருப்ப, அதன் பின்விளிம்பு உள்ளேயுள்ள ஒரு நெம்புகோலைத் தள்ளுகின்றது. நெம்புகோல் அக்கண்ணாடியைத் திருப்புகின்றது. இரு உருவங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில் லென்ஸ் அப்பொருளுக்குச் சரியாக நிற்கின்றது என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு பழமையானது. 1916இலேயே கோடக் நிறுவனத்தார் ஒரு பெரிய மடிப்புக் காமிராவில் லென்சையும் தூரமானியையும் இணைத்துக் காட்டினர். ஜெர்மனியில் 1925இல் வெளிவந்த லைக்கா காமிராவில் முதலில் இது இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைத்தார்கள். 1932இல் வந்த இரண்டாம் லைக்காவிலும், அதே ஆண்டில் வந்த காண்டாக்ஸிலும் இது சேர்க்கப்பெற்றது. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைச் சந்தித்து, பிறகு தில்லி மாநகரம் அவருக்கு விடைகொடுத்த காட்சிகளையும் உலகுக்குக் காட்டிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸான், லைக்காவைக் கையில் ஏந்தியவரே. லைக்காவின் அமைப்பைப் பின்பற்றி, சோவியத் நாட்டில் 1934 முதல் ஃபெட் காமிராவும், 1948 முதல் ஜோர்க்கி காமிராவும் செய்யப்பட்டன. ஜோர்க்கி என்னும் ருஷ்யச் சொல்லுக்குக் கூரிய பார்வை உடையது என்று பொருள். 1956 முதல் 1973 வரை வந்த ஜோர்க்கி நான்காம் மாதிரியைக் கொண்டே இங்கு விளக்குகின்றேன். மற்றக் காமிராக்களில் திருகுகள் இருக்கும் இடம் வேறுபடும். சோதிக்கும் முறை ஒன்றே.

இதில் அளவு எத்துணை நுட்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஜோர்க்கியில் இரு சாளரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். 1 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை நோக்கும்போது இரு பார்வைகளுக்கும் இடையே உண்டாகும் கோணம் சுமார் 2.2 பாகை. 10 மீட்டருக்கு அது 0.22 பாகையாகக் குறைந்துவிடுகின்றது. அதற்கு அப்பால் நிலவு வரையில் உள்ள தூரம் முழுவதும் அந்த 0.22 பாகைக்குள் அடங்கிவிடுகின்றது! காமிரா ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தாலோ, உள்ளேயுள்ள எண்ணெய் இந்த ஊர்க் கோடையில் காய்ந்து இறுகினாலோ, இந்த அளவு பிசகுவதில் வியப்பில்லை.

பிசகினால் என்ன நேரும்? 50 மில்லிமீட்டர் லென்சின் துவாரத்தை முழுதும் திறந்து, அதாவது துவார எண் 2இல் வைத்து, 1 மீட்டரில் ஒரு குழந்தையைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தெளிவாக விழும் ஆழம் மொத்தமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். தூரமானி 10 சென்டிமீட்டர் தவறினால், கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். வெளியே நல்ல வெயிலில், துவாரத்தைச் சுருக்கி எடுக்கும்போது இப்பிழை மறைந்துவிடுகின்றது. வீட்டுக்குள், மங்கிய விளக்கொளியில், நமக்கு மிக வேண்டிய முகங்களை எடுக்கும்போதுதான் அது வெளிப்படுகின்றது. அதுவும் உடனே தெரிவதில்லை. சுருளைக் கழுவி வந்த பிறகே தெரிகின்றது. அதற்குள் விழா முடிந்துவிடுகின்றது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகின்றார்கள்.

படம் மங்கலாக இருந்தால் மூன்று பேர்மீது ஐயம் கொள்ளலாம்: நடுங்கிய கை, தவறிய கண், பொய்யுரைக்கும் தூரமானி. மூன்றையும் பிரித்தறியும் வழி ஒன்று உண்டு. கை நடுங்கியிருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். எதுவுமே தெளிவாக இராது. முகம் மங்கி, அதற்கு முன்னோ பின்னோ உள்ள வேறொரு பொருள் தெளிவாக இருந்தால், கை குற்றமற்றது, தூரந்தான் தவறியது. அப்படித் தவறியது கண்ணாலா, கருவியாலா? கண்ணின் தவறு ஒரு முறை முன்னே விழும், ஒரு முறை பின்னே விழும். ஒரு ஒழுங்கில் நில்லாது. எல்லாப் படங்களிலும் ஒரே பக்கமாகத் தவறினால், அது கருவியின் பிழை. இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் கொண்டால் போதும்; நான் பேசியது வீணாகாது.

இவ்விதியின் பயனைக் கண்கூடாகக் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். நம் காலனியில் ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவர் இருக்கின்றார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. டிரைவர்களின் கண் பார்வையை ரயில்வே மருத்துவர்கள் எவ்வளவு கடுமையாகச் சோதிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏ-ஒன் தகுதி குறைந்தால் அன்றே இன்ஜினைவிட்டு இறங்க வேண்டியதுதான். அத்தகையவர் ஒரு நாள் தம்முடைய ஜோர்க்கியையும் ஒரு கட்டுப் படங்களையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதை நீயே வைத்துக்கொள். சிக்னல் பார்த்த கண் போய்விட்டது. பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை" என்றார்.

"கண் டாக்டர் என்ன சொன்னார், ஐயா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டால் குறை ஒன்றுமில்லை என்கின்றார். அவருக்கு என்ன தெரியும்? ஓய்வு பெற்ற ஆண்டில் எடுத்த படங்களும் இப்படித்தான் இருக்கின்றன. அன்றைக்கே கண் போயிருந்தால், எத்தனை பேரை என் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்!"

அவர் காமிராவுக்காக வருந்தி வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். குழந்தையின் முகம் மங்கல். பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகள் தெளிவு. அடுத்த படத்தில் அம்மாவின் முகம் மங்கல்; பின்னால் நின்ற அலமாரியின் பூட்டு தெளிவு. ஒன்பது படங்களை எடுத்து வைத்தோம். ஒன்பதிலும் தெளிவு பின்னேதான் விழுந்திருந்தது. ஒன்றிலாவது முன்னே விழவில்லை. "ஐயா, இது கண்ணின் வேலை அன்று" என்றேன். அவர் நம்பவில்லை. ஆகவே அன்றிரவே சோதனையைத் தொடங்கினோம்.

அந்தச் சோதனையையும் திருத்தத்தையும் படிப்படியாகச் சொல்கின்றேன்.

முதலில் வேண்டிய சாமான்கள்: கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சிறு திருப்புளி, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, அளவு நாடா, ஒரு மேசை விளக்கு, பூட்டி வைக்கக்கூடிய கேபிள் ரிலீஸ், ஒரு சிறு கண்ணாடித் துண்டு, மங்கலான ஒட்டு நாடா. இவற்றோடு வெள்ளைத் துணி விரித்த ஒரு தாம்பாளமும் வேண்டும். வேலை முழுவதையும் தாம்பாளத்தின் மேலேயே செய்தல் நலம். எள்ளளவு திருகு தரையில் உருண்டால் தேடிப் பயனில்லை.

முதற்சோதனை, முடிவிலாத் தொலைவுக்கு உரியது. லென்சை அதன் கடைசிக் குறி வரை திருப்பி வைத்துக்கொண்டு, மிகத் தொலைவிலுள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும். அரை மைலுக்கு அப்பாலுள்ள நீர்த்தொட்டி, நிலவு, இரவில் தெரியும் சிக்னல் விளக்கு ஆகியவை ஏற்றவை. எதிர்வீட்டுக் கூரை போதாது. சூரியனைப் பார்த்தல் ஆகாது. கண்ணுக்கும் கேடு, காமிராவின் துணித் திரையிலும் ஓட்டை விழும். இரு உருவங்களும் ஒன்றாக நின்றால் நன்று. பக்கவாட்டில் விலகி நின்றால் தூரக் கணக்கில் பிழை. மேலும் கீழுமாக நின்றால் தூரம் கெடாது. ஆனால் சேர்த்துப் பார்ப்பது கடினம். மொட்டை மாடியில் நின்று எங்கள் டிரைவர் ஐயாவின் காமிராவில் பார்த்தபோது, ஒரே சிக்னல் விளக்கு இரண்டாகப் பக்கம் பக்கமாக எரிந்தது. அவரும் பார்த்தார். "விளக்கு ஒன்றுதான், இது இரண்டு காட்டுகின்றது" என்று அவர் வாயாலேயே சொன்னார்.

இரண்டாம் சோதனை மிக முக்கியமானது. இங்கு ஒன்றைக் கூர்ந்து எண்ணிப் பாருங்கள். படத்தை எழுதுவது லென்ஸ், தூரமானி எழுதுவதில்லை. தூரமானி வெறும் சாட்சி. சாட்சியைத் திருத்துமுன், உண்மை யாது என்பதை நேரே காண வேண்டும். பார்சல் அலுவலகத்தில் தராசு தவறு காட்டுகின்றது என்று ஐயம் வந்தால் என்ன செய்கின்றோம்? முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கின்றோம். அதுபோலத்தான் இதுவும்.

காமிராவின் பின்மூடியைக் கழற்றுங்கள். படச்சுருள் உள்ளே இருத்தல் கூடாது. திரையை ஏற்றிய பின்னரே வேகச் சக்கரத்தை 'பி' என்னும் நிலைக்குத் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் ஜோர்க்கியின் உட்பொறி கெடும். துவாரத்தை முழுதும் திறந்து, கேபிள் ரிலீசினால் திரையைத் திறந்தபடி நிறுத்துங்கள். கண்ணாடித் துண்டின் ஒரு பக்கம் மங்கலான நாடாவைச் சுருக்கமின்றி ஒட்டி, அப்பக்கம் லென்சை நோக்கியிருக்குமாறு, படச்சுருள் படியும் இடத்தில் வையுங்கள். அங்கே இரண்டு சோடித் தண்டவாளங்கள் போன்ற விளிம்புகள் இருக்கும். சுருள் படிவது உட்சோடியின் மேல்; வெளிச்சோடி சற்றே உயரமானது. கண்ணாடியை அகலமாக வெட்டி வெளிச்சோடியின்மேல் வைத்தால் சோதனை முழுவதும் பொய்த்துவிடும். ஆகவே உட்சோடியின்மேல் அமருமளவு குறுக்கி வெட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்த நாடாவின்மேல் காட்சி தலைகீழாகத் தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். லென்ஸ் கடைசிக் குறியில் நிற்கும்போது தொலைவிலுள்ள பொருள் கூர்மையாகத் தெரிந்தால் லென்ஸ் நேர்மையானது. தெரியாவிட்டால் பிழை லென்சின் அமைப்பில் உள்ளது. தூரமானியைத் தொடவே வேண்டா. அதன்பின், படச்சுருள் இருக்கும் தளத்திலிருந்து நாடா பிடித்து அளந்து, சரியாக 1 மீட்டரில் நாளிதழின் ஒரு பக்கத்தை விளக்கொளியில் நிறுத்துங்கள். எழுத்துகள் நாடாவில் கூர்மையாகும் வரை லென்சைத் திருப்பி, கையை எடுத்துவிட்டு, தூரமானி வழியே பாருங்கள். அங்கும் எழுத்துகள் ஒன்றாயிருந்தால் சாட்சி உண்மை சொல்கின்றது. இரண்டாயிருந்தால் எவ்வளவு பொய் என்பது தெரிந்துவிடுகின்றது.

இனித் திருத்தம். ஜோர்க்கியின் முன்முகத்தில், பெரிய காட்சிச் சாளரத்தின் பக்கத்தில் ஒரு சிறு மூடுதிருகு உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு திருகின் தலை தெரியும். பக்கவாட்டுப் பிழையைத் திருத்துவது அதுவே. லென்சைக் கடைசிக் குறியில் வைத்து, தொலைவிலுள்ள விளக்கைப் பார்த்துக்கொண்டே, அத்திருகை அரைக்கால் சுற்றுக்கு மேற்படாமல் மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பியவுடன் திருப்புளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அது அழுத்தும்போது காணும் காட்சி நம்பத்தக்கதன்று. மேல் கீழ்ப் பிழை இருந்தால், சிறிய வட்டச் சாளரத்தைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றி, அதன் அடியிலுள்ள ஆப்பு வடிவக் கண்ணாடியைச் சிறிதே சுழற்ற வேண்டும். அதைச் சுழற்றும்போது உருவம் பக்கவாட்டிலும் நகரும். ஆகையால் மேல் கீழை முதலில் முடித்து, பக்கவாட்டை இரண்டாவதாகச் செய்தல் முறை.

தொலைவு சரியானதும் 1 மீட்டர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் அதுவும் சரியாகவே வந்துவிடும். வராவிட்டால், லென்சைக் கழற்றினால் உள்ளே தெரியும் விசிறி வடிவான நாக்கின் நிலை மாறியிருக்கின்றது என்று பொருள். அந்நாக்கை இம்மியளவு திருப்பினாலும் அருகும் மாறும், தொலைவும் மாறும். ஒன்றை மாற்றி மற்றொன்றைச் சரிபார்த்து, இரண்டும் இசையும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடாதிருப்பதே நன்று. இரு முனைகளும் சரியான பின், திருகின் ஓரத்தில் நகப்பூச்சு ஒரு துளி வைத்து உலரவிடுங்கள். அதிர்வில் திருகு நகராது. வேண்டும்போது கழற்றவும் முடியும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். தூரமானியில் இரண்டாம் உருவமே தெரியாதபடி மங்கிவிட்டால், உட்கண்ணாடியின் பூச்சு போயிற்று. லென்சைத் திருப்பியும் உருவம் நகரவில்லையெனில் நெம்புகோல் இறுகிவிட்டது. இவ்விரண்டுக்கும் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். அது பழகிய கைகளுக்கு உரிய வேலை. திருகு இறுகியிருந்தால் பலத்தைக் காட்டுதல் கூடாது. மேற்புறம் தெரியும் திருகுகளை எல்லாம் கழற்றிப் பார்ப்போம் என்னும் ஆர்வமே பல காமிராக்களுக்கு எமனாக முடிந்திருக்கின்றது.

டிரைவர் ஐயாவின் காமிராவில் வேண்டியிருந்தது மிகச் சிறிய திருத்தமே. அருகு தானாகவே இசைந்துவிட்டது. மறுவாரம் ஒரு சுருளை ஏற்றிக் கொடுத்தேன். சாளரத்தின் அருகே பேத்தியை உட்கார வைத்து, துவாரத்தை முழுதும் திறந்து, தம் கண்ணாலேயே பார்த்து எடுத்தார். சுருள் கழுவி வந்தபோது குழந்தையின் இமைமயிர் ஒவ்வொன்றாக எண்ணும்படி விழுந்திருந்தது. அவர் அப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் கடைசி ஆண்டுகளிலும் நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன், இல்லையா தம்பி?"

"சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், ஐயா" என்றேன்.

அன்பர்களே! கருவியின் பொய்யை மனிதர்கள் தங்கள் குறையாக எண்ணிச் சுமப்பது இக்காலத்தில் மிகுதி. பெரியவர்கள் இன்னும் அதிகமாகச் சுமக்கின்றார்கள். முதுமை என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிட நாமும் துணை செய்கின்றோம். அவ்வாறு முடிக்குமுன் ஒரு சோதனையாவது செய்து பார்த்தல் நம் கடமை. அதற்கு வேண்டியது பெரும்படிப்பு அன்று. ஓர் அளவு நாடாவும், ஒரு கண்ணாடித் துண்டும், ஒரு மாலைப் பொழுதுமே.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காமிரா இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதனால் எடுத்த பழைய படங்களையும் உடன் கொண்டு வாருங்கள். நோயை முதலில் சொல்பவை அவையே. ஞாயிறு காலையில் நம் சங்கத்துப் படிப்பகத்தில் நான் இருப்பேன். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் இருவர் மூவர் முன்வந்தால், இவ்வேலை எனக்குப் பின்னும் இக்காலனியில் நடக்கும்.